தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணும் ஒரு உப்புக் கேக்கும்

சுமுகம் என்ற செயலி எங்கள் குழுவுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் கொடுத்த அன்று, மனிதவள மேலாளர் மேகநாதன் வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி செய்தது. வாயில் வைத்ததும் உப்பு கரித்தது. நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம்.

“எப்படி இருக்கு?” என்று ஆவலோடு கேட்டார் மேகநாதன்.

“பிரமாதங்க” என்றார் உமாபதி.

“இப்படி ஒரு ருசிய நான் சாப்பிட்டதே இல்ல சார்” என்றார் செசிலி.

“நாக்குலயே நிக்குது” என்றார் மீரான் பாய்.

கடைசி இரண்டும் சத்தியமான வார்த்தைகள். நான் குழுத் தலைவன். முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று மூன்றாவது துண்டைக் கேட்டு வாங்கினேன்.

என் பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் ரோப்கார் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இரண்டாயிரத்து நாற்பத்திரண்டில் மயிலூத்து மலைக் கோயிலுக்கு ரோப்கார் போடும் வேலை எங்களிடம் வந்தது. அறுநூற்றுச் சொச்சம் படி ஏற முடியாத கிழவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் பெட்டியில் உட்கார்ந்து ஆறு நிமிடத்தில் மேலே போய்விடலாம். அதற்கான குழுவை நான் தேர்ந்தெடுக்கவில்லை, சுமுகம் தேர்ந்தெடுத்தது.

என்னிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. என் முந்தைய குழு சண்டை போட்டே செத்தது. ஒருநாள் ஒரு ஸ்பானர் ஜன்னல் வழியாகப் பறந்து போய் முதலாளியின் காரில் இறங்கியது. எறிந்தது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஸ்பானர் என்னுடையது.

எனவே இந்த முறை பொருத்தம் பார்த்தே ஆள் போட்டார்கள். பிரேக்குக்குத் தூத்துக்குடி செசிலி. கட்டுப்பாட்டு நிரலுக்கு மாயவரம் உமாபதி. கம்பிக்கும் அதைத் தாங்கும் கோபுரங்களுக்கும் கீழக்கரை மீரான் பாய். எங்களில் மூத்தவர், கம்பி ஓடும் சத்தத்தை வைத்தே அதன் வயதைச் சொல்லிவிடுவார். நால்வர் கழுத்திலும் ஒரு அடையாள அட்டை. அட்டைக்குள் சுமுகம். அது நாள் முழுக்க நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

“பயப்படாதீங்க சார்” என்று முதல் நாளே விளக்கினார் மேகநாதன். “நீங்க என்ன பேசறீங்கன்னு அது பாக்காது. எப்படிப் பேசறீங்கன்னு மட்டும்தான் பாக்கும். ஒருத்தர் பேசும்போது குறுக்க விழறீங்களா, குரல் ஏறுதா, நன்றி சொல்றீங்களா, அவ்ளோதான்.”

“வேலை சரியா நடக்குதான்னு பாக்காதுங்களா?”

“மனசு ஒத்துப்போச்சுன்னா வேலை தானா நடக்கும் சார். எங்க வீட்லயே ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன். எனக்கும் என் ஒய்ஃபுக்கும் எவ்ளோ தெரியுமா? தொண்ணூத்தொம்பது!”

விதி எளிமையானது. மதிப்பெண் அறுபதுக்குக் கீழே போனால் குழு கலைக்கப்படும். ஆளுக்கு ஒரு திசை. எனக்குக் கவலையில்லை, எந்த ஊரிலும் தோசை கிடைக்கும். ஆனால் செசிலிக்குக் கவுகாத்தி என்று பட்டியலில் முன்கூட்டியே எழுதியிருந்தது. அவருடைய கணவர் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடல். மகள் கோயம்புத்தூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கவுகாத்திக்குப் போனால் பிள்ளை யாரோடு இருப்பாள்? எனவே எங்கள் நால்வரில் அதிகம் இனிக்க இனிக்கப் பேசியவர் செசிலிதான்.

பேச்சு எப்படி மாறிப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் மாதம் “இது தப்பு” என்ற வார்த்தை காணாமல் போனது. இரண்டாவது மாதம் “ஆனால்” போனது. மூன்றாவது மாதம் உமாபதியின் கணினி தீப்பிடித்தபோது மீரான் பாய், “தம்பி, உங்க மேசை இன்னைக்கு ரொம்ப வெளிச்சமா இருக்கே” என்றார். உமாபதி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. மதியம் நான்கு டிபன் பாக்ஸையும் திறந்து வைத்து, “நீங்க மொதல்ல”, “இல்லைங்க, நீங்க மொதல்ல” என்று சொல்லிச் சொல்லிச் சோறு ஆறிப்போகும். எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்பானர் பறக்காத அலுவலகம் எவ்வளவு நிம்மதி என்று வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஏழு மாதத்தில் ரோப்கார் தயார். ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று கோயிலில் தண்டோராவே போட்டுவிட்டார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி, காற்றில்லாத ஒரு காலையில் ஓட்டிப் பார்த்தோம். மணல் மூட்டைகள் எந்தக் குறையும் சொல்லவில்லை.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர் ஜனம் ஏறுவதற்கு முன்னால், முதல் பெட்டியில் அதைச் செய்தவர்கள் ஏற வேண்டும். கட்டில் செய்த ஆசாரி முதலில் அதில் படுத்துக் காட்ட வேண்டும் என்பாராம் முதலாளியின் தகப்பனார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பூசணிக்காய் உடைத்துவிட்டு நாங்கள் பெட்டிக்கு வந்தோம். கீழே இயந்திர அறையில் சடையன் என்ற ஆபரேட்டர். மேலே கோயில் பக்கம் மாலையோடு மேகநாதன்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆறு நிமிடப் பயணத்துக்கு நான் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தேன். மற்ற மூவரும் பெரிய பெரிய பைகளோடு வந்திருந்தார்கள்.

“எல்லாம் சரிதானுங்களே?” என்று கேட்டேன்.

“சரிதான் சார்” என்றார்கள் மூவரும் ஒரே குரலில். கழுத்து அட்டைகள் மகிழ்ச்சியாக ஒருமுறை சிணுங்கின.

பெட்டி கிளம்பியது. முதல் கோபுரம் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவது கோபுரத்தில் பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. அதே நேரம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஒன்று எழும்பி வந்து பக்கவாட்டில் அறைந்தது. பெட்டி தொட்டிலாக ஆட ஆரம்பித்தது. ஆட்டம் எல்லை மீறியதும் நிரல் ஓட்டத்தை நிறுத்தியது. பெட்டி நின்றது. நின்ற பிறகு நான்கு அடி பின்னால் வழுக்கியது. அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்து உண்மையாகவே நின்றது. கீழே நூற்றைம்பது அடி. தண்ணீர்கூட இல்லை, பாறை.

“எல்லாரும் சௌகரியமா இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“நல்ல காத்தோட்டம்ங்க” என்றார் உமாபதி. முகத்தில் ரத்தம் இல்லை.

“மலை அழகாத் தெரியுது” என்றார் மீரான் பாய், கண்ணை மூடிக்கொண்டு.

செசிலி பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்தார். “புளியோதரை இருக்கு சார். சாயங்காலம் வரைக்கும் காணும்.”

“சாயங்காலம் வரைக்குமா? ஆறு நிமிசப் பயணத்துக்கு எதுக்கும்மா புளியோதரை?”

உமாபதி தன் பையிலிருந்து ஆறு தண்ணீர் பாட்டிலும் இரண்டு பவர்பேங்கும் எடுத்து அடுக்கினார். மீரான் பாய் யார் முகத்தையும் பார்க்காமல் இடுப்பு வாரும், கொக்கியும், இருநூறு அடி கயிறும் எடுத்தார்.

நான் மூன்று பைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். “உங்க மூணு பேருக்கும் இது தெரியுமா?”

“எனக்குப் பிரேக்கு மட்டுந்தான் தெரியும் சார்” என்றார் செசிலி. “ஒரு பக்கமா ஆடும்போது பிடிக்கதுக்கு லேட்டாகும்.”

“எனக்குக் காத்துமானி மட்டும்ங்க” என்றார் உமாபதி. “சொவத்துக்குப் பின்னால இருக்குறதால அதுக்குக் காத்தே தெரியாது. தெரிஞ்சிருந்தா பெட்டியக் கிளப்பவே விட்டிருக்காது.”

“எனக்கு மூணாவது கோபுரத்துல கம்பி ஓடுற உருளை. அரை அங்குலம் வெலகியிருக்கு” என்றார் மீரான் பாய்.

தனித்தனியாக எடுத்தால் மூன்றும் சின்னக் குறைகள். எதுவும் யாரையும் கொன்றிருக்காது. மூன்றும் ஒரே இடத்தில் கைகோத்தால்தான் இப்படித் தொங்க வேண்டிவரும். அவரவர் குறை அவரவருக்குத் தெரிந்திருந்தது. அவரவர் தனித்தனியாகத் தயாராகி வந்திருந்தார்கள். வாயைத் திறந்து மட்டும் சொல்லவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். ஏழு மாதத்தில் முதல் கத்தல்.

“மூணு வாரமா சொல்லுதேன் சார்!” செசிலியின் குரல் என்னுடையதைவிட மேலே போனது.

“எப்பம்மா சொன்னீங்க?”

“பிரேக்குக்கு ரொம்ப நிதானமான சுபாவம்னு சொன்னேம்லா!”

“நான் அத பாராட்டுன்னு நெனச்சு அறிக்கைலயே எழுதிட்டனே!”

நான்கு அட்டைகளும் ஒரே தேன்குரலில் பேசின: “குரல் சற்று உயர்ந்திருக்கிறது. ஒரு மிடறு தண்ணீர் அருந்தலாமே?”

“நீ வாய மூடு!” என்றார் செசிலி.

“நன்றி” என்றன அட்டைகள்.

“பாய், உருளை வெலகியிருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா அந்த எடத்துல வேகத்தக் கொறச்சு எழுதியிருப்பேன்ல?” என்று பாய்ந்தார் உமாபதி.

“நீ காத்துமானிய எங்க வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தா நான் உருளைய அப்படியே விட்டிருப்பேனா? டிக்கெட் கவுன்ட்டர் சொவத்துக்குப் பின்னால ஊதுவத்திப் புகைகூட ஆடாதேய்யா!”

“சார்தான் அங்க வெச்சா லட்சணமா இருக்கும்னாரு!”

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. பெட்டி ஆடியது.

“சார், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல” என்றார் செசிலி. “நீங்க எப்பவும் ‘எல்லாம் சரிதானுங்களே’ன்னுதான் கேப்பீங்க. அதுக்கு ஆமான்னு மட்டுந்தான் பதில் சொல்ல முடியும். அப்படிக் கேக்கதுக்குக் கேக்காமலே இருந்திருக்கலாம். எம் பிள்ளைய நெனச்சு நான் வாயக் கட்டிக்கிட்டேன். தப்புதான். நீங்க எதுக்கு சார் காதக் கட்டிக்கிட்டீங்க?”

எனக்கு அழுகை வந்தது. ஸ்பானர் எறிந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

அதற்கு மேல் அரை மணி நேரம் அந்தப் பெட்டியில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார். உமாபதி நாளைக்கு மூன்று தடவை சொல்லும் “பிரமாதம்” தனக்குக் குமட்டுகிறது என்றார் மீரான் பாய். மீரான் பாய் எல்லோருடைய ஊறுகாயையும் காலி செய்வதை இனியும் சகிக்க முடியாது என்றார் உமாபதி. ஆனால் அதே மூச்சில் வேலையும் நடந்தது.

“உமாபதி, நிரல விட்டுட்டுக் கையால ஓட்டச் சொல்லு சடையன!” என்றார் செசிலி.

“சொல்றேன், நீங்க மொதல்ல பிரேக்க எத்தன தடவையா விடணும்னு சொல்லுங்க!”

“மூணு தடவையா. ஒரேயடியா விட்டா மறுபடி வழுக்கும். சார், நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, உங்க வெயிட்டுதான் இழுக்குது!”

“இப்ப வேண்டாம்!” என்று கையைத் தூக்கினார் மீரான் பாய், தலைக்கு மேலே கம்பியின் முனகலைக் கேட்டபடி. “காத்து விடட்டும்… இன்னும் இல்ல… ம், இப்ப!”

போனில் அதைக் கேட்டுக் கீழே சடையன் லிவரைத் தள்ளினான். பெட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஆறு நிமிடப் பயணம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. புளியோதரை மிகவும் நன்றாக இருந்தது. காரம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று செசிலியிடமே சொன்னேன்.

மேலே மாலை வாடியிருந்தது. மேகநாதன் மாலையைவிட வாடியிருந்தார். கையிலிருந்த டேப்லெட்டை நீட்டினார். மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டம் காலி.

“என்ன சார் பண்ணீங்க? பத்தே முக்கால்லேர்ந்து மதிப்பெண்ணே இல்ல. ஜீரோவுக்கும் கீழ போயிடுச்சு போலருக்கு. விதிப்படி குழுவக் கலைக்கணும். வெள்ளிக்கிழமை தெறப்பு விழாவ வேற குழு பாத்துக்கும். அவங்க தொண்ணூத்தாறு.”

“வெள்ளிக்கிழமை இது ஓடாதுங்க” என்றேன். “பத்து நாள் வேலை இருக்குது.”

“தண்டோரா போட்டாச்சு சார்! கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்…”

செசிலி கழுத்து அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். “என்னைய கவுகாத்திக்கு அனுப்புங்க சார், போறேன். எம் மவளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். ஆனா இந்தப் பெட்டியில ஒரு ஆளு ஏறக்கூடாது. ஏத்துனீங்கன்னா நானே படிக்கட்டுல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன்.”

நாங்கள் மூவரும் அவர் பக்கத்தில் போய் நின்றோம்.

மேகநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுமுகம் செய்த நிறுவனத்துக்கே போன் போட்டார். மங்கையர்க்கரசி என்றொரு பெண்மணி எடுத்தார். எங்களுக்கும் கேட்கும்படி மேகநாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

“மதிப்பெண் காலியா இருக்கு மேடம். ஜீரோன்னு எடுத்துக்கலாமா?”

“இருங்க, பாக்கறேன். உங்க குழு ஏழு மாசமா ‘பெண் பார்த்தல்’ வகைல இருந்திருக்கு. இன்னிக்குக் காலைல வகை மாறியிருக்கு.”

“எதுல இருந்திருக்கு?”

“பெண் பார்த்தல். இது மொதல்ல ஒரு கல்யாணத் தகவல் மையத்துக்காகப் பண்ணதுங்க. நாலு லட்சம் பெண் பார்க்கிற நிகழ்ச்சிகளோட பதிவ வெச்சு இதப் பழக்கினோம். ரெண்டு வீட்டாரும் எப்படிப் பேசிக்கிட்டா பேச்சு முறியாதுன்னு பாத்துச் சொல்லும். அப்புறம் அலுவலகங்களுக்கும் வித்தோம். பேர மட்டும் மாத்தினோம்.”

பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி வேகவில்லை என்று இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஏழு மாதமாக நாங்கள் வேகாத பஜ்ஜியைப் பாராட்டிப் பாராட்டி ஒரு ரோப்காரைக் கட்டியிருக்கிறோம்.

“இப்ப எந்த வகைங்க?” என்று கேட்டேன்.

“‘திருமணமாகி இருபது வருடங்களுக்கு மேல்’. நன்றியே சொல்றதில்ல, ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள அடுத்தவர் ஆரம்பிக்கிறாங்க, சாப்பாட்டுல குறை சொல்றாங்க. ஆனா கேட்ட கேள்விக்கு நேரா பதில் வருது. அந்த வகைக்கு நாங்க மதிப்பெண் போடறதில்லைங்க.”

“ஏன் மேடம்?” என்றார் மேகநாதன்.

“அவங்க எங்க கஸ்டமர் இல்லையே.”

அறுபதுக்குக் கீழே போனால் கலைக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. மதிப்பெண்ணே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை. மேகநாதன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, செசிலியின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். செசிலி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தண்டோராவைத் திருப்பிப் போட்டோம். மேலிடத்தில் நான் வாங்கிய வசவு தனிக் கதை. பதினோரு நாள் அடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் உருளையை நேராக்கினோம், காற்றுமானியைக் கோபுர உச்சிக்கு ஏற்றினோம், பிரேக்கைச் செசிலி முழுக்கப் பிரித்துப் போட்டு மாட்டினார். தினமும் காலையில் நான் மூவரிடமும், “என்னென்ன தப்பா இருக்குது, சொல்லுங்” என்று கேட்டேன். பட்டியல் நீளமாக வந்தது. முதல் இடத்தில் பெரும்பாலும் நானே இருந்தேன். மறுபடியும் முதல் பெட்டியில் ஏறினோம். இந்தத் தடவை யாரும் பை கொண்டுவரவில்லை.

திறப்பு விழா அன்று கைத்தடியோடு வந்த கிழவர்கள் வெற்றிலை மென்றபடி பெட்டியில் மேலே வந்து இறங்கினார்கள். மேகநாதன் எங்களுக்காகக் கேக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக் கேக்.

“எப்படி இருக்கு?”

செசிலி ஒரு வாய் வைத்தார். கீழே வைத்தார். “சார், இத வாயில வைக்க முடியல. ஒரே உப்பு.”

“போன தடவையும் அப்படித்தாங்க” என்றார் உமாபதி.

“கருவாடே பரவால்ல” என்றார் மீரான் பாய்.

மேகநாதன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெல்ல, திருடன் ஒப்புக்கொள்கிற மாதிரி, “எனக்கும்தான் முடியல” என்றார்.

மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் செய்தார். “இல்லம்மா… நல்லாதான் இருந்துச்சு… இல்ல, நல்லா இல்ல. உப்பு.” அப்புறம் அந்த அம்மாளின் குரல் தூணைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

“கல்யாணமான புதுசுல ஒரு நாள் தெரியாம உப்பு கூடிப்போச்சு. நீங்க ‘இதான் ருசி’ன்னீங்க. அன்னிலேர்ந்து அளந்து அளந்து போட்டுட்டிருக்கேன்! எனக்கு அது தொண்டைல எறங்கறதே இல்ல! இருபத்திரண்டு வருஷம்!”

நாற்பது நிமிடம் சண்டை நடந்தது. மீதிக் கேக்கைக் கோயில் குரங்கு ஒன்று தூக்கிப் போய், முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாகப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனது.

மேகநாதன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் இதுவரை நான் பார்த்திராத ஒரு சிரிப்பு. கைபேசியை என்னிடம் நீட்டினார். அவர் வீட்டுச் சுமுகத்தில் தொண்ணூற்றொன்பது இருந்த இடம்.

“சார், காலியா இருக்கு” என்றார்.

“வாழ்த்துகள்” என்று கையைக் குலுக்கினேன்.